கிணற்றடிக்குப் போன வயர்

மோட்டர் எரிந்த நாற்றம் குசினிவரை வந்தது. றஸ்மியா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். காணியின் கடைசித் தொங்கலில், கிணற்றடியில், ஹலீம் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு மோட்டரையே பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் படுக்கையில் கிடந்த ஒருவர் கண்ணை மூடிய வீட்டில் இருக்கிற மாதிரியான அமைதிதான் இருந்தது.

பின்னேரம் தயாபரன் வந்தான். முள்ளியவளையில் இந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் அவன்தான். மோட்டரைக் கழற்றிப் பார்த்தான். பிறகு வீட்டுச் சுவரடியில் வயர் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் போய்க் குந்தினான்.

"மோட்டரில பிழையில்லை நானா. இவ்வளவு தூரத்துக்கு இந்த மெல்லிசு வயர் காணாது. அது மூச்சு முட்டித்தான் இவ்வளவு காலமும் ஓடினது. அண்டைக்கே சொன்னனான்."

அன்றைக்கு அவர்கள், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பிவந்த புதிது. இருபது வருடத்துக்கு மேல் பற்றை மூடிக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கி, வீட்டைக் கட்டி முடித்திருந்தார்கள். தயாபரன் மெல்லிசும் தடிப்புமாய் இரண்டு துண்டு வயரைக் கதிரையில் வைத்தான்.

"மெல்லிசு விலை குறைவு. ஆனா கறண்டில ஒரு பங்கு வழியிலயே சூடாய்ப் போயிடும். அந்தச் சூட்டுக்கும் சேத்துத்தான் மாசாமாசம் பில் வரும். மொத்தமான வயருக்கு இப்ப காசு கூட. பில்லில மிச்சம் பிடிச்சு நாலைஞ்சு வருஷத்தில அது திரும்பி வந்திடும், அதுக்குப் பிறகு லாபம்தான். எவ்வளவு காலம் இருக்கப்போறியள் எண்டதுதான் கணக்கு."

ஹலீம் தடித்த துண்டைக் கையில் எடுத்தார். றஸ்மியா விடவில்லை.

"நாலைஞ்சு வருஷத்தை ஆர் கண்டது? ஒருக்கா உடுத்த உடுப்போட வெளிக்கிட்டனாங்கள். திரும்பவும் ஓடவேண்டி வந்தா, மண்ணைக் கிண்டி வயரையும் தூக்கிக்கொண்டே போறது?"

 ஹலீம் துண்டைத் திரும்பக் கதிரையில் வைத்தார்.

பிறகு பத்து வருடத்துக்கு மேலாகியும் அவர்கள் ஓடவேண்டி வரவில்லை. ஆனால் றஸ்மியா நாளைக்குப் போகப்போகிறவளைப் போலவே இருந்தாள். அலுமாரி வாங்க விடவில்லை; உடுப்புகள் பயணப் பெட்டிகளிலேயே கிடந்தன. பில் ஏறியது, தண்ணீர் மட்டும் ஒழுகுவதுபோல வந்தது. ஹலீம் தான் நட்ட தென்னம்பிள்ளைகளுக்கு வாளியில் சுமந்து சுமந்து ஊற்றி, அவருடைய ஒரு தோள் இறங்கிப்போனது. ஒரு கடும் வறட்சியில் அவை பட்டுப்போயின. அவர் பிடுங்கிப் போட்டார், மறுபடி நடவில்லை. மகள் பர்வின் புத்தளத்திலேயே கலியாணம் முடித்தாள். இங்கே வந்து இருக்கச் சொல்லி ஹலீம் கேட்டபோது அவள் சொன்னாள்: "உம்மாவே மனசு வச்சு இருக்காத இடத்துக்கு நாங்க எப்பிடி வாப்பா வாறது?"

அந்தக் கேள்வி றஸ்மியாவுக்குள் முள்ளாய்க் கிடந்தது. யாரும் துரத்தாத வருடங்களையெல்லாம் அவளே துரத்தி விட்டிருந்தாள்.

"அப்ப இந்த முறை மொத்தமான வயரையே போடுங்கோ தம்பி," என்றாள் இப்போது, சுவரடியில் குந்தியிருந்த தயாபரனிடம், வேண்டியதைவிட அதிக சத்தமாக.

"வேண்டாம்," என்றார் ஹலீம். "மெல்லிசே காணும்."

"ஏன்?"

"அப்ப எனக்கு முன்னால கனகாலம் கிடந்தது, றஸ்மியா. இனி அந்தக் காசு திரும்பி வரேக்க நான் இருப்பனோ தெரியாது." கடையில் சாமானின் விலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர் ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தயாபரன் இருவரையும் பார்த்தான். "நாளைக்குச் சொல்லுங்கோ. கடைக்குப் போகமுதல் வந்து கேக்கிறன்," என்று மோட்டரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

றஸ்மியா கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்துவந்து, மொத்தமான வயருக்கு இடம் பண்ண, பழையது இறங்கிய இடத்தில் கொத்தத் தொடங்கினாள். மழை காணாத மண். ஒவ்வொரு கொத்துக்கும் மண்வெட்டி துள்ளித் திரும்பியது. ஒரு முழம் போவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஹலீம் வந்து நின்றார். மண்வெட்டியை வாங்கவில்லை, நிற்பாட்டச் சொல்லவும் இல்லை. கிணற்றடிக்கு நடந்து போய் ஒரு வாளி அள்ளிவந்து, அவள் இனி வெட்டவேண்டிய மண்ணில் மெல்ல மெல்ல ஊற்றினார். தண்ணீர் சற்று நேரம் மேலேயே நின்று மினுங்கியது. பிறகு உள்ளே இறங்கத் தொடங்கியது.