பதினாலாம் கேள்வி

நாடியைத் தூக்கிப் பிடித்து, வெள்ளைத் துணியை உச்சந்தலையில் முடிந்த பிறகும் தவராசாவின் வாய் கொஞ்சம் திறந்துதான் கிடந்தது. இன்னும் ஒரு ஓம் மிச்சம் இருக்கிறதாக்கும் என்று தங்கரத்தினத்துக்கு எரிச்சல் வந்தது. அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். செத்துக் கிடக்கிற புருசனோடு என்ன எரிச்சல் என்று பிறகு வெட்கமாகவும் இருந்தது.

துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டிய மனிசன். பாரிசவாதம் வந்த இந்த மூன்று மாதமும் அவரிடம் மிஞ்சியிருந்தது, ஆம் என்பதற்கான அந்த ஒரு சொல்தான். சாப்பிட்டீங்களோ என்றால் ஓம். சாப்பிடவில்லையோ என்றாலும் ஓம். பத்து நாளைக்கு முன் அவரைக் கட்டிலில் நிமிர்த்தும்போது தங்கரத்தினத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வாய் தவறிவிட்டது.

"என்னால ஏலாது. நீங்கள் எனக்குப் பெரிய பாரம்."

சொன்னதில் கோபமோ என்று உடனேயே கேட்டாள். அதற்கும் ஓம். அன்று சுவர்ப் பக்கம் திரும்பியவருக்குப் பிறகு கஞ்சிகூட ஒழுங்காக இறங்கவில்லை.

கிளினிக் டொக்டர் வேறு விதமாகச் சொன்னார். வாதத்துக்குப் பிறகு மனச்சோர்வும் ஒரு வருத்தமாகவே, நோயாகவே வருமாம். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவரிடம் கேட்டு அறிய முடியாது. இரத்தத்தில் அதன் அடையாளம் தெரியுமா என்று ஆராய்கிறார்களாம். நாலு நாளைக்கு முன் ஒரு குழாய் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தங்கரத்தினம் அதையே பிடித்துக்கொண்டாள். இரத்தத்தில் இருந்தால் அது வருத்தம். இல்லாவிட்டால் அவளுடைய வாய்.

இன்று விடியற்காலை மறுபடி வாதம் அடித்தது. நாலு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் சுடலைக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று தம்பி இராசையா எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தான். தங்கரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்குப் போனாள், வந்தாள், படலையைப் பார்த்தாள், திரும்பவும் குசினிக்குப் போனாள்.

ஒரு மணிபோல கிளினிக் நேர்ஸ் ஸல்ஹா வந்தாள். கிண்ணியாவுக்குப் போகும் மிதவைப் பாதைப் படகைப் பிடிக்கவேண்டிய அவசரத்திலும் வந்திருந்தாள். தங்கரத்தினம் அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய், இரத்தம் என்ன சொன்னது என்று கேட்டாள். வழியில் ரோட்டு இரண்டு நாள் மூடிக் கிடந்ததாம். ஐஸ் உருகி இரத்தம் கெட்டுவிட்டதாம்.

"அப்ப எனக்கு இனித் தெரியவே வராது."

ஸல்ஹா போகத் திரும்பியவள் நின்றாள். இரத்தம் எடுத்த அன்று ஒப்புக்குப் படிவத் தாளைப் பார்த்து அவரிடம் இருபது கேள்வி கேட்டாளாம். பத்தொன்பதுக்கும் ஓம்தானாம்.

"பதினாலாவதுக்கு மட்டும் வாயத் திறக்கல்ல அக்கா. ரெண்டு தரம் கேட்டன்."

"அது என்ன கேள்வி?"

"வீட்டாக்களுக்கு நீங்க பாரமா எண்டு."

வெளியே இராசையா, பெட்டியைத் தூக்க நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டான். தங்கரத்தினம் தலைமாட்டில் குந்தித் துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். நாடியில் கோடு விழும்படி இறுக்கியிருந்தாள். விரலை உள்ளே விட்டு, கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.