ஆம்ப்ரோஸுக்கு நடத்திய அசோகர் பாடம்

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.ஏ.வில் சரித்திரத்தோடு போதனா முறையையும் ஒரு பாடமாக எடுத்திருந்தேன். சரித்திரத்தில் காலேஜிலேயே முதல் மார்க். போதனா முறையில்தான் வந்தது வினை. நிஜப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அதில் ஃபெயில். "இந்த அம்மாளுக்கு நிறையத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிய வரவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார் பரீட்சகர். நாற்பது நிமிஷமும் நானே பேசினேனாம். பேசாமல் பின்னே பஜனையா பண்ணுவார்கள்?

அது 1937. அடுத்த வருஷம் இன்னும் ஒரே ஒரு தடவை நடத்திக் காட்டலாம். அதிலும் போனால் டிகிரியே கிடையாது. பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று சரித்திர டீச்சர் வேலையை ஜூன் மாதம் வரைக்கும் வைத்திருந்தார்கள். அதுவும் போய்விடும்.

ஆகவே என் வீட்டுக்காரரைப் பிடித்து வகுப்பாக்கினேன். ஆம்ப்ரோஸுக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை. தர்ட் ஃபார்மோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பு நின்றுபோனது. "வீட்ல கஷ்டம், அப்பா நிறுத்திட்டாரு" என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்காருவார், ஒருத்தரே முப்பது பெண் பிள்ளைகளாக.

"டீச்சர், இவ என்னைக் கிள்றா!"

"ஏங்க, விளையாடாதீங்க. அசோகர் ஏன் பாறையில எழுதினாரு?"

எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பவ்வியமாக எழுவார். "சிலேட்டு பத்தலையோ என்னவோ, டீச்சர்."

சிரிப்பு வந்துவிடும். ஆனால் சிரித்தால் பரீட்சை பாஸாகுமா? ஒரு பாடம் ஐந்து படி ஏற வேண்டும் என்பது எங்கள் சாஸ்திரம். ஐந்தாவது படியில் பிள்ளைகள் தாங்களே சுருக்கம் சொல்லி நோட்டில் எழுதியாக வேண்டும். இவரை வைத்துக்கொண்டு நான் இரண்டாவது படிக்கு மேல் போனதே இல்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு. "எந்த யுத்தத்துக்கு அப்புறம் அசோகர் மனசு மாறுச்சு?" என்றேன்.

எழுந்தார். யோசித்தார். "பானிப்பட்டு?"

"ஐயோ மாதாவே! மூணு வாரமா தொண்டை கிழியக் கத்துறேன், கலிங்கம் கலிங்கம்னு! உங்க மண்டையில என்னதாங்க இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"உக்காருங்க."

"பரவால்ல." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "தர்ட் ஃபார்ம்ல சரித்திர வாத்தியாரும் இதையேதான் கேட்டாரு, பவுலின். மண்டையில என்ன இருக்குன்னு. தெரியல சார்னேன். பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாரு. மறுநாளும் ஏத்துனாரு. அதுக்கு மறுநாளும். நாலாம் நாள் நான் போகல. அப்பா ஒண்ணும் நிறுத்தல. பெல்ட்டால அடிச்சுக்கூடப் பாத்தாரு. நாந்தான் மாட்டேன்னுட்டேன்."

கல்யாணமாகி ஆறு வருஷம். எனக்குத் தெரியாது. என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும் என்று தோன்றியது. கையைப் பிடித்து "மன்னிச்சிடுங்க" என்றேன். "அட, விடு. அடுத்த கேள்வியக் கேளு, முப்பது பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். என்னால் முடியவில்லை. உள்ளே போய்க் காரணமில்லாமல் பாத்திரம் தேய்த்தேன்.

பரீட்சை அன்று செகண்ட் ஃபார்மில் முப்பத்திரண்டு பெண்கள். கடைசி பெஞ்சில் பரீட்சகர், மடியில் கடிகாரம். போன வருஷம் வந்த அதே மனுஷன்! ஆனாலும் முதல் இரண்டு படியும் வழுக்காமல் போயின. "அசோகர் ஏன் பாறையில எழுதினாரு?" என்று கேட்டேன். "ரொம்ப நாள் நிக்கும்", "மழையில அழியாது" என்று நல்ல நல்ல பதில்கள். மூன்றாவது வரிசையில் நோரா என்று ஒரு ஒல்லிப் பெண் எழுந்து, "சும்மாதான் எழுதினாரு, டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது.

அவள் காது சிவந்தது. போன வருஷத்துப் பவுலினாக இருந்தால், "தப்பு, உக்காரு" என்று அடுத்தவளிடம் போயிருப்பேன். வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"உனக்கு ஏன் அப்படித் தோணுது, நோரா?"

"எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவங்களுக்குப் பாறையில எழுதினா என்ன, பனையோலையில எழுதினா என்ன?"

"ராஜாவோட ஆளுங்க படிச்சுச் சொல்லுவாங்கடி" என்றாள் ஒருத்தி. "அவன் பொய்யாப் படிச்சா?" என்றாள் நோரா. அவ்வளவுதான். முப்பத்திரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் சரிபார்ப்பார் என்கிறாள் ஒருத்தி, அவருக்கு மட்டும் படிக்கத் தெரியுமா என்கிறாள் இன்னொருத்தி. நான் பேசியது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். மணி அடித்துவிட்டது. நான்காவது படியும் இல்லை, ஐந்தாவதும் இல்லை. ஒரு நோட்டிலும் ஒரு வரி இல்லை.

"சுருக்கம் எங்கே, அம்மா?" என்றார் பரீட்சகர்.

"முடிக்கல, சார்" என்றேன். அவர் ஏதோ நீளமாக எழுதினார்.

வீட்டுக்கு வந்து ஆம்ப்ரோஸிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுது தீர்த்தேன். பத்து நாள் கழித்து காலேஜில் லிஸ்ட் ஒட்டினார்கள். எனக்குப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் தான் பார்த்துவிட்டு வருவதாக ஆம்ப்ரோஸ் சொன்னார்.

ஐந்தரை மணிக்கு சைக்கிள் சத்தம் கேட்டது. வாசலில் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

பாஸாகிவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அந்த நோரா கேட்டாளே, படிச்சுக் காட்டுறவன் பொய் சொன்னா என்ன பண்றதுன்னு. பார்சல் ஆபீஸ்ல உக்காந்து பத்து நாளா அதையே யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

"உக்காருங்க" என்றேன். "உக்காந்துக்கிட்டே கேளுங்க."