ஒன்பதாவது வெடி

ஒன்பதாவது டிரான்சிஸ்டரும் வெடித்தது. தெறித்த சில்லு என் கன்னத்தைக் கிழித்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நான் பாய்ந்து போய், எதிரே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த இளஞ்செழியனின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன்.

இளஞ்செழியன் என் மனைவியின் தம்பி. இன்ஜினியரிங் படித்தவன். திருவண்ணாமலையில் இருபது வருஷமாக, கரண்டைச் சீராக்கித் தரும் பவர் சப்ளை பெட்டிகள் செய்துகொண்டிருந்த என்னிடம், 2005இல் வந்து, "இனிமே வோல்டேஜைச் சிப்புல எழுதுற புரோகிராமே பாத்துக்கும் மாமா" என்று ஆசை காட்டியவன்.

"பாத்துக்குமா? உன் புரோகிராம் கிழிச்சுது!" என்று அறைந்தேன். மூக்கில் ரத்தம் கொட்டியது. அப்போதும் விடவில்லை, இன்னும் இரண்டு வைத்தேன். பௌர்ணமிக்கு வந்த கூட்டம் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"வெடிக்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல என்ன மாமா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சிப்புக்குள்ள என்ன நம்பர் ஓடுதுன்னு பாக்க, புரோகிராமை நிறுத்தினேன்."

"ஒன்பது தடவையுமா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நின்னது புரோகிராம் மட்டும்தான் மாமா. அந்த நேரம் சுவிட்சா வேலை செய்யற டிரான்சிஸ்டர் ஆன்ல இருந்தா அப்படியே ஆன்லயே நின்னுடும். ஆஃப் பண்ணுன்னு சொல்ல உள்ள யாரும் இல்ல. கரண்ட் ஜாஸ்தியாயிட்டே போயி வெடிக்கத்தான் செய்யும்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் கவனித்தேன், என் கை இன்னும் ஓங்கியபடியே நின்றது.