திட்டாமல் எடுத்த படங்கள்

எங்கள் தெருவில் யாருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாலும், அதிலிருக்கும் முகம் அப்போதுதான் நன்றாகத் திட்டு வாங்கி முடித்திருக்கும். படத்தில் திட்டு தெரியாது. திட்டைக் கேட்டு வெடித்த சிரிப்பு அடங்கி, உதட்டோரத்தில் கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மிச்சத்துக்காகத்தான் என் அத்தான் திட்டுவார்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'திட்டு மாமா'. விசா, வேலை மனு, பரீட்சை, பென்ஷன் என்று, மனிதன் தன் முகம் தன்னுடையதுதான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், கடையில் எப்போதும் கூட்டம்.

"கேமரா முன்னாடி உட்கார்ந்த உடனே எல்லாரும் செத்துப்போயிடறாங்கடா. ஒரு போடு போட்டு எழுப்பணும். எழுந்தவன் மறுபடி சாகறதுக்குள்ள அமுக்கிடணும்." இவ்வளவுதான் அவருடைய தொழில் ரகசியம்.

எங்கள் அப்பா தபால் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர். சிரிப்பது அரசாங்க விதிகளுக்குப் புறம்பானது என்று நம்பியவர். ஒருமுறை படமெடுக்கப் போய், விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஒல்லிப் பையனாக இருந்த அத்தான் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "சார், நீங்க முறைக்கிறதைப் பார்த்தா தபால்தலையில அச்சடிக்கலாம். ஆனா எவன் சார் பின்னாடி நக்கி ஒட்டுவான்?" என்று கேட்டாராம். அப்பாவின் மீசை இரண்டு பக்கமும் ஆடிவிட்டது. பிறந்ததிலிருந்து எங்களுக்குக் கிடைக்காத அந்தச் சிரிப்பு அந்தப் படத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, "அயோக்கியப் பயல், வாயைப் பாரு" என்றே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அக்காவை அந்த அயோக்கியனுக்கே கட்டிக் கொடுத்தார்.

பள்ளி முடித்த வயதில் நானும் போய் உட்கார்ந்தேன். அரும்பு மீசையை எண்ணெய் தடவி வளர்த்து வைத்திருந்த காலம். "டேய் மச்சான், மூக்குக்குக் கீழ என்னமோ ஒட்டியிருக்கு. கழுவிட்டு வா, காத்திருக்கேன்." அந்தப் படத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. உலகம் தன்னைக் கேலி செய்துவிட்டது, அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று அன்றுதான் கண்டுபிடித்த ஒருவனின் முகம் அது.

அந்த நாட்களில் அவமானம் நடந்துதான் வரவேண்டும். நீங்கள் ஒரு தப்பு செய்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போகும். தெருமுனை போவதற்குள் அதற்குக் கால் வலிக்கும், உட்கார்ந்துவிடும். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் "என்னப்பா, ஏதோ கேள்விப்பட்டேன்" என்பார். தலையைச் சொறிந்துகொண்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. இப்போது அதற்குச் சிறகு முளைத்துவிட்டது. போய்ச் சேரும் இடத்தில் டீ குடிக்கக் கூப்பிட ஆளில்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் பெண் படமெடுக்க வந்தாள். கொஞ்சம் பூசின உடம்பு. ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். அத்தான் ஆரம்பித்தார்: "ஏம்மா, அந்த ஸ்டூல் அழுவுறது கேக்குதா உனக்கு? பாவம், அதுவும் பிள்ளைகுட்டி உள்ளதுதானே, கொஞ்சம் மூச்சு விட விடு."

அவள் கண்கள் விரிந்தன. பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னால் தொங்கிய நீலத் திரையைப் பிடித்துக்கொண்டு, அதையும் கீழே இழுத்துவிட்டாள். அதற்கும் ஒரு திட்டு வாங்கினாள்.

அப்போது வரிசையில் ஒரு வாழ்க்கைப் பயிற்சியாளர் காத்திருந்தார். மற்றவர்கள் எப்படி வாழவேண்டும் என்று மண்டபம் பிடித்துச் சொல்லித்தருபவர். தன் விளம்பரத் தட்டிக்காக, மோவாயில் விரல் வைத்தபடி ஒரு படம் எடுக்க வந்தவர், அந்த விரலை எடுத்து ஃபோனில் வைத்தார். அவர் போட்ட வீடியோ, அவள் கண் விரிவதோடு முடிந்துபோனது. சிரிப்பு அதில் இல்லை. மேலே ஒரு வாசகம்: 'இங்கே ஒரு பெண்ணின் கண்ணியம் நொறுங்குகிறது. நீங்கள் மௌனமாக இருக்கப் போகிறீர்களா?'

ஒருத்தரும் இருக்கவில்லை. எங்கள் தெருவை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள் அத்தானின் நாக்கை அறுக்க வேண்டும் என்றார்கள். 'அன்பே உலகம்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், அத்தானுக்கு இன்ன நோய்தான் வரவேண்டும் என்று பெயர் சொல்லி வாழ்த்தி, கடைசியில் கைகூப்பும் படமும் போட்டிருந்தார். வருஷா வருஷம் வகுப்புப் படம் எடுக்கக் கூப்பிடும் பள்ளிக்கூடம், இந்த வருஷம் வரவேண்டாம் என்றது. எவனோ கடைக் கண்ணாடியில் கல்லை விட்டான்.

அத்தான் முதலில் அசரவில்லை. "நாலு நாள் குலைச்சிட்டுப் போயிடும்" என்றார். போயும் இருக்கும். ஆனால் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் களத்தில் இறங்கிவிட்டார்.

தலைவர் எந்த இலாகாவிலோ துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்க்குழாய் உடைந்தாலும் 'இத்தருணத்தில்' என்றுதான் ஆரம்பிப்பார். கடைக்கு வந்து கண்ணாடிச் சில்லுகளைத் தாண்டி நின்றார். "இத்தருணத்தில் நாம் அறிவார்ந்த எதிர்வினை ஆற்றக் கடமைப்பட்டிருக்கிறோம்."

"புரியலைங்க. என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ஒவ்வொருவரும் அவரவர் படத்தை வெளியிடுவோம். அதைப் பிடித்தபோது இவர் என்ன சொன்னார் என்பதையும் பெருமையோடு எழுதுவோம். உலகம் நம் அன்பைக் காணட்டும்!"

தெருவே எழுதியது. அதில் பொய்யே இல்லை என்பதுதான் கொடுமை. 'எங்க மாமா என்னை நனைஞ்ச கோழின்னு சொன்னாரு, அவர் தங்கம்' என்று மருந்துக்கடைக்காரர் போட்டார். 'டீச்சர், பல்லை மூடுங்க, ஃபிளாஷ் திரும்பி என் கண்ணுல அடிக்குதுன்னார், மறக்கவே முடியாது' என்று இதயம் போட்டார் ஓர் ஆசிரியை. தலைவரே முன்னுதாரணமாக, 'என்னை அன்னார் ஊறப்போட்ட சாக்குமூட்டை என்று வாஞ்சையுடன் விளித்தார்' என எழுதிக் கையொப்பமிட்டார்.

எங்கள் தெருவில் இதற்குப் பாராட்டு விழா என்று பெயர். வெளியே அதைக் குற்றப்பத்திரிகையாகப் படித்தார்கள். மாலைக்குள் தலைப்பு மாறிவிட்டது: 'ஒரு தெருவையே இழிவுபடுத்திய மனிதர், பாதிக்கப்பட்டோர் வாய்திறக்கிறார்கள்!' துன்புறுத்தியவரையே நேசிக்கத் தொடங்கும் மனநிலையைப் பற்றி டிவியில் ஒரு நிபுணர், டீச்சரின் படத்தைச் சுட்டிக்காட்டி விளக்கினார். தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் கடந்து பிரபலமானார், சாக்குமூட்டையாக.

அன்றைக்குத்தான் அத்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார். படித்து முடித்ததும் வாயை மூடினார்.

சீக்கிரமே வேறெங்கோ ஒருவர் நாயை மிதித்துவிட்டார் என்று உலகம் அந்தப் பக்கம் ஓடிவிட்டது. கடைக்குப் புதுக் கண்ணாடி வந்தது. கூட்டமும் வந்தது. ஆனால் உள்ளே இருந்தது வேறு ஆள். "வணக்கம். உட்காருங்க. நேரா பாருங்க. நன்றி." அவ்வளவுதான். எடுத்த படங்களில் ஆளாளுக்குக் காவல் நிலையத்துச் சுவரில் ஒட்டத் தோதாக இருந்தார்கள். தலைவருக்கு ஏதோ பாராட்டுப் பத்திரத்துக்காக எடுத்த படம் 'காணவில்லை' விளம்பரம்போல வந்தது.

மருந்துக்கடைக்காரர் கெஞ்சியே விட்டார். "மாமா, ஒரே ஒரு வார்த்தை. 'நாயே'ன்னாவது சொல்லேன்."

"மன்னிக்கணும் சார்."

அந்த 'சார்'தான் அவருக்குச் செருப்படி மாதிரி இருந்ததாம். வந்து என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார்.

அக்கா ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டாள். "டேய், இந்த மனுஷனோட என்னால குடும்பம் நடத்த முடியாதுடா."

"என்னக்கா ஆச்சு?"

"டீல சர்க்கரைக்குப் பதிலா உப்பை அள்ளிப் போட்டேன். வேணும்னுதான் போட்டேன். முழுசா குடிச்சிட்டு, 'நல்லாயிருந்துச்சு, நன்றி'ங்கறாருடா! இவ்வளவு வருஷத்துல எனக்கு யாரு நன்றி சொன்னா? நான் என்ன பேங்க்ல வேலை பார்க்கிறவளா?"

"மெதுவா பேசிப் பார்க்கலாம்க்கா."

"நீ பேசிக் கிழிச்சே. என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொண்டுவாடா. அந்த வாய் இல்லாம அவரு பாதி ஆளு."

மறுநாள் மதியம் கடைக்குப் போனேன். "வாங்க" என்றார். அதுவரை என்னை 'வாடா' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

"அத்தான், அந்தக் கூட்டம் எழுதினதுக்கெல்லாம் போய் நீங்க…"

"அதெல்லாம் மறந்துடுச்சு. ஒரே ஒருத்தன் மரியாதையா எழுதியிருந்தான். 'இதுல சிரிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வலிச்சுதுன்னு இவர் என்னைக்காவது கேட்டிருக்காரா?' அவ்வளவுதான் எழுதியிருந்தான். அது மட்டும் போக மாட்டேங்குது." லென்ஸை எடுத்துத் துடைத்தார். "நான் கேட்டதே இல்லை. சிரிச்சாங்க, நான் அமுக்கினேன்."

மனித மனம், நகைச்சுவை என்றெல்லாம் நான் என்னவோ பேசினேன். அந்தப் பேச்சில் சங்கத் தலைவரே தோற்றுப்போயிருப்பார். நல்லவேளை, கதவு திறந்தது.

அந்த நர்ஸ் பெண்.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

"படம் எடுக்கணும் மாமா. புது வேலை, புது ஆஸ்பத்திரி."

"அந்த வேலை?"

"விட்டுட்டேன். பல்லு புடுங்க வந்தவங்ககூட வாயில பஞ்சோட எனக்கு ஆறுதல் சொல்றாங்க மாமா. பொறந்தநாளுக்கு எல்லாரும் சேர்ந்து எடை பார்க்கிற மெஷின் குடுத்தாங்க. 'உன்னை நீ நேசி'ன்னு மேல ரிப்பன் வேற. நான் குண்டுன்னு எங்க வீட்டுக்குத்தான் தெரியும், இப்ப உலகத்துக்கே தெரியும்." ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான்தான் அந்தப் பொண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு அந்த வீடியோவுக்குக் கீழ எழுதினேன். உனக்கு என்ன நடந்துச்சுன்னே உனக்குப் புரியலைன்னு நாலு பேர் திட்டினாங்க."

அத்தான் கேமராவுக்குப் பின்னால் போகவில்லை. அவளுக்கு நேராக வந்து நின்றார்.

"அன்னைக்கு வலிச்சுதாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லிவிடக்கூடாதா என்றும் இருந்தது.

"ஒரு நொடி சுருக்குனுச்சு மாமா. அந்தக் கண்ணு விரிஞ்சது நிஜம்தான். அடுத்து சிரிச்சேனே, அதுவும் நிஜம்தான். ரெண்டையும் சேர்த்து எவனும் போடலை."

"தப்பும்மா. உடம்பைச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரி, தப்புதான். ஒத்துக்கிட்டீங்க இல்ல? எடுங்க."

அவர் கேமராவுக்குப் பின்னால் போனார். விரல் பொத்தானில் இருந்தது. வாய் திறக்கவில்லை. அவள் முகம் மெல்ல மெல்ல அட்டையாகிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவள் சொன்னாள்: "என்ன மாமா, வழுக்கையில லைட்டு பட்டு என் கண்ணு கூசுது. தலையில ஒரு துணியைப் போட்டுக்கிட்டு எடுக்கறது!"

அத்தானுக்கு முதலில் புரியவில்லை. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, இருமலும் சிரிப்புமாக வளைந்துபோனார். தன் வாயால் ஒரு கிழவன் இப்படி ஆகிவிட்டதைப் பார்த்த அவள் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது பாருங்கள், அதைத் தவறவிடுகிற ஆள் அவர் இல்லை. குனிந்தபடியே அமுக்கினார்.

இப்போது கடையில் முறை மாறியிருக்கிறது. உட்காருகிறவர்தான் அவரைத் திட்ட வேண்டும். தலைவர் மட்டும் முன்கூட்டியே தயாரித்து எழுதிக்கொண்டு வந்து, 'ஓ நிழற்பட நிபுணரே' என்று ஆரம்பித்தார். எடுத்த படத்தில் அவரைத் தவிர கடையிலிருந்த எல்லோரும் சிரிப்பது அவருடைய மூக்குக்கண்ணாடியில் தெரிகிறது.

ஆனால் அத்தான் திருப்பித் திட்டுவதில்லை. கேட்டுச் சிரித்துக்கொள்வதோடு சரி. பழைய ஆள் வரமாட்டார் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று அக்கா ஃபோன் செய்தாள். குரல் நடுங்கியது.

"திட்டினாருடா!"

"என்னன்னு?"

"டீயைக் குடிச்சிட்டு, 'கழுதைக்குக் குடுத்தாகூட உன்னைத் திரும்பிப் பார்த்துட்டுப் போகும்டி'ன்னாரு. அதே குரல்டா. அதே ஆளு."

"அப்புறம் ஏன்க்கா அழறே?"

மூக்கை உறிஞ்சினாள்.

"சொல்றதுக்கு முன்னாடி எழுந்து போய், ஜன்னலை எல்லாம் சாத்திட்டு வந்தாருடா."