பழைய மெஷினில் என் பாக்கி

கம்பெனிக்கு நான் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மகளின் கண் ஆபரேஷனுக்கு முன்பணமாக வாங்கியது. மாதம் இரண்டாயிரத்து முந்நூற்று முப்பது வீதம் ஏழு தவணை சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான், அதுவும் அன்றைய சம்பளத்தோடு தீர வேண்டும்.

காலையில் கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கி வரச் சொன்னார்கள். மேலே புதிதாக ஒரு பெண். கணக்கு மெஷின் எரிந்துபோனால் என்ன செய்வது என்று திட்டம் எழுத வந்தவர்.

"தெனமும் சாயங்காலம் கணக்கெல்லாம் இந்தத் தனிப் பெட்டியில காப்பி ஆயிடுது மேடம். ஆனதும் பச்சை விளக்கு எரியுது பாருங்க" என்றார் கணக்காளர்.

"எரியட்டும். அந்தக் காப்பியை எப்பவாவது திரும்ப எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு?"

"இன்னிக்குப் பாத்துடலாம். பெரிய மெஷின் செத்துப்போச்சுன்னு வெச்சுக்குங்க."

"காலங்காத்தால நல்ல வார்த்தையா சொல்லுங்க மேடம்!"

காப்பியைப் பழைய மெஷினில் ஏற்ற நாற்பது நிமிடம் ஆனது. கீழே போ என்று யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. செத்த மெஷினின் கணக்கு இன்னொன்றில் எப்படி எழுந்து வரும் என்று பார்க்க ஆசை. சரக்கு இருப்பு வந்தது. பில்கள் வந்தன. எல்லாம் சரி.

"மேடம், என் பாக்கியும் வருமா?"

தட்டினார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். 18,640.

கணக்காளர் சிரித்துவிட்டார். "அண்ணே, அடைச்ச கடன் எழுந்து வந்து நிக்குது!"

"சிரிக்காதீங்க சார். ஏழு மாசம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டினவன் நான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இந்தப் பணம் எப்போ வாங்கினீங்க அண்ணா?"

மாதத்தைச் சொன்னேன்.

"அப்போ இந்த ஒரு ஃபைல் மட்டும் அந்த மாசத்தோட நின்னுபோயிருக்கு. ஏன்?"

பெரிய மெஷினில் போய்ப் பார்த்தார். முன்பணக் கணக்கு திறந்தே கிடந்தது.

"இதை மூடுறதே இல்லையா?"

கணக்காளர் காதைச் சொறிந்தார். "அந்த மாசத்துக்கு அப்புறம் பாஸ்வேர்டு போட்டேன், அது மறந்துபோச்சு மேடம். மூடினா திரும்பத் திறக்காது. அதான் மெஷினையே அணைக்கிறதில்ல."

"திறந்து கிடக்கிற ஃபைலை இந்தக் காப்பி தாண்டிப் போயிடும். மத்ததை எடுத்துட்டு விளக்கைப் போட்டுடும்."

"முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

"திட்டத்துலயே எழுதப்போறேன்."

"இப்போ கரண்ட் போனா?" என்று கேட்டேன்.

"பேட்டரி அரைமணி தாங்கும்" என்றார் கணக்காளர்.

"அப்புறம்?"

அந்தப் பெண் அவசரமாக அந்தக் கணக்கை வேறு பெயரில், பாஸ்வேர்டு இல்லாமல் சேமித்தார். பிறகுதான் பழையதை மூடச் சொன்னார். கணக்காளர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். புதியது திறந்தது. பாக்கி 2,330. எனக்கு மூச்சு வந்தது.

கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார்: "தூக்கிட்டுப் போனவன் அங்கேயே குடித்தனம் பண்ணிட்டானா?"

மத்தியானம் சம்பளம் போட்டார்கள். கடைசித் தவணையைப் பதிந்ததும், "மேடம், இன்னொரு தடவை அந்தப் பழைய மெஷின்ல காட்டுங்க" என்றேன்.

"அண்ணே, நாப்பது நிமிஷம்!"

"இருக்கட்டும் சார்."

"அவர் கேக்கறதுதான் சரி" என்றார் அந்தப் பெண். "மாசாமாசம் ஒருத்தர் தன் கணக்கைப் பாத்துச் சரின்னு சொல்லணும். அதையும் எழுதிக்கறேன்."

கணக்கை மூடிப் புதிதாகக் காப்பி எடுத்து, பழைய மெஷினில் ஏற்றும்வரை காத்திருந்தேன். என் பெயருக்கு நேரே பூஜ்யம் வந்தது. கணக்காளர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கடன் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.