படத்துக்கு ஒரு பிள்ளை

…தடுக்கியது தற்செயல்தானா, அல்லது என் உடம்பு முழுவதிலும் அந்தக் கால் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் மானம் மிச்சமிருந்ததா, தெரியவில்லை, வயரில் கால் மாட்டியது, வயர் பிய்ந்தது, படம் நின்றது, தேயிலை ஸ்டோரின் மேல்தட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பட்டப்பகலில் கும்மிருட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் சாக்குக் கட்டி அந்த இருட்டை உண்டாக்கியவனும் நான்தான், இந்தத் தோட்டத்தில் இருட்டுக்கென்று தனியாக ஒரு கிளாக்கர் வேண்டுமென்றால் இக்னேசியஸை விட்டால் ஆளில்லை. நாற்காலியில் பெரிய துரை தொண்டையைச் செருமினார், அவருக்கு இருபுறமும் கொழும்பிலிருந்து வந்த இரண்டு கனவான்கள், தரையில் லயத்து ஜனங்கள், ஹட்டனிலிருந்து படமெஷினோடு வந்த மஃறூப் மண்டியிட்டு வயரைத் தடவிக்கொண்டே, "என்னா கிளாக்கர், ஒங்க காலுக்கு வேற எடமே கெடைக்கலியா? கொஞ்ச நேரம் எடுக்கும், சும்மா இருங்க, ஒதவி கிதவி பண்ணிறாதீங்க" என்றான். சும்மா இருப்பதுதான் எனக்கு இன்றைக்கு முடியாத காரியம்.

இருட்டில் நின்றுபோனது என் குரல்… படத்தில் பேசுகிறவன் நான், எழுதியவனும் நான், 'மலைச்சாரலின் மழலைகளுக்கு இங்கே நாள்தோறும் பால்', இதைக் கொழும்புக்குப் போய் வாசித்தபோது குரல் தழுதழுத்ததாகப் படம் பிடித்தவர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார், தடிமன் பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை. எந்தப் பால்? பங்களாவிலிருந்து ஒரு பால்மா டின் வந்தது, கலக்கினார்கள், ஊற்றினார்கள், படம் பிடித்தார்கள், டின்னை மூடினார்கள், சமையல்கார அப்புவின் கக்கத்தில் அது திரும்பவும் மேலே ஏறிப் போனதை நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்? வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பால் வேண்டுமென்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள், கொடுப்பதா வேண்டாமா என்று நேரில் பார்த்துத் தீர்மானிக்க வந்தவர்கள்தான் இந்தக் கனவான்கள், வந்த இடத்தில் மழை, சரிவில் சப்பாத்து வழுக்கும், கீழே எதற்குப் போக வேண்டும், எல்லாம் படத்திலேயே இருக்கிறதே என்றார் துரை. இதோ இந்தச் சாக்கை விலக்கினால் பிள்ளைக்காம்பராக் கூரை தெரியும். என் கை முடிச்சு வரைக்கும் போனது, "இருக்கட்டும் இக்னேசியஸ், கண் பழகிவிட்டது" என்று இங்கிலீஷில் துரை, கை இறங்கியது, என் கைக்குக் கால் எவ்வளவோ தேவலை. கனவான்களில் ஒருவர் மற்றவரிடம் சொல்வது கேட்கிறது, கொழுகொழுவென்று என்ன பிள்ளை, இதற்குமேல் இவர்களுக்குப் பால் எதற்கு… அந்தப் பிள்ளை என் பிள்ளை.

றோலண்ட். படம் பிடித்த அன்று என் மனைவி பெற்றீசியா அவனுக்குப் பவுடர் பூசி வேடிக்கை காட்டத் தூக்கி வந்தாள், அவ்வளவுதான். படத்துக்குத் தாயாக உட்காரவைத்த கொழுந்துக்காரி ராக்காயியின் மடியில் இருந்தது அவளுடைய பிள்ளை அழகன், ஒரு வயது தாண்டியும் தலை நிற்கவில்லை, படம் பிடித்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார், மறுபடி பார்த்தார், இந்தப் பிள்ளைக்கு வெளிச்சம் பத்தாது என்றார், என்ன நாகரிகமான மனுஷன், வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டார், நானும் அதை அப்படியே தமிழில் ராக்காயிக்குச் சொன்னேன். அழகனைக் கமராவுக்குப் பின்னால் தரையில் விரித்த படங்குச் சாக்கில் கிடத்தினார்கள், றோலண்டை அவள் கையில் கொடுத்தார்கள், நான் மாதா கோயிலில் போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி என் மகன் படத்தில் வருகிறான் என்று சொல்லித் திரிந்தேன், தூ. இதில் பொய் எங்கே என்று தேடினால் அகப்படவும் இல்லையே… பால் பால்தான், பிள்ளை பிள்ளைதான், ராக்காயி ஒரு தாய்தான், லய வரிசையில் வெள்ளையடித்த மூன்று காம்பரா வீடும் வெள்ளைதான், நாலாவது வருமுன் கமராவை நிறுத்திவிட்டார்கள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்த இடத்தில் ஒளிந்திருக்கிறது பொய், அந்த இடத்தை என் குரலால் மெழுகி மூடியிருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு? மற்றவர்கள் சிரித்தது நான் சிரிக்கச் சொல்லி, அது வெறும் பல். ராக்காயியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, றோலண்டைக் கையில் வாங்கினாள், ஒரு தடவை மேலே தூக்கிப் பார்த்தாள், முகம் முழுக்கச் சிரித்தாள், இந்தப் படத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காதது அது ஒன்றுதான், அது மெய்யென்றால் அவளுக்கு அன்று மனத்தாங்கல் இல்லையென்று ஆகும், அப்படி ஆகிவிட்டால் நானும் இன்று கொஞ்சம் சோறு தின்னலாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன், யாருடைய விரலையோ மிதித்தேன், "கிளாக்கரய்யா இன்னிக்கு ஆள விடமாட்டாரு போல" என்று ஒரு குரல், நாலு பேர் சிரித்தார்கள். படம் ஓடும்போதே பார்த்து வைத்திருந்தேன், ராக்காயி தூணோரம் இருந்தாள், மடியில் அழகன், அவன் மூச்சுத்தான் கேட்டது. குந்தினேன்.

"ராக்காயி, அன்னைக்குப் படம் புடிக்கையில ஏன் சிரிச்ச?"

"சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேங்க."

"ஒன்னைய யாரும் சொல்லல. நாந்தானே பக்கத்துல நின்னேன்."

"அப்ப தெரியாம சிரிச்சிருப்பேங்க. தொரை ஏதும் சொன்னாங்களா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நாந்தான் கேக்குறேன்."

"கிளாக்கரய்யா கேட்டா என்னாத்த சொல்றது."

"கோவமா இருந்தா வஞ்சிரு, கேட்டுக்கிறேன்."

"ஒங்கள வஞ்சு நான் எங்க போயி பேர் பதியிறது?"

அதுவும் நியாயம்தான், காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டு எழுதுகிறவன் நான். எழுந்துவிடலாமென்று பார்த்தேன். மஃறூப், "கிளாக்கர், எங்க இருக்கீங்க? இருந்த எடத்துலயே இருங்க, போடப்போறேன்" என்றான். அவள் அழகனை மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவன் மூச்சு மேலே ஏறியதில்தான் தெரிந்தது, துணி உரசுகிற சத்தம்கூட இல்லை.

"ஒங்க புள்ள கனமா இருந்துச்சுங்கய்யா" என்றாள். "இவன தூக்குனா கையில எதுவும் இருக்க மாதிரியே இருக்காது, புள்ளைன்னா அப்படித்தான்னு இருந்தேன். அன்னைக்கு ஒங்க புள்ளைய வாங்குனதும் கை கீழ எறங்கிருச்சு. ஒரு புள்ள இம்புட்டு கனம் இருக்குமான்னு சிரிப்பு வந்துருச்சுங்க."