வரம்புக்கு வெளியே ஒரு சமையல்காரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. டீக்கடையில் கதை கிடைத்ததாகச் சொல்லும் எழுத்தாளர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. என்ன செய்ய, கிடைத்துத் தொலைத்தது. 2010, மழைக்காலம். ரங்கூன் கியாக்டடாவில் வங்கிகள் இருக்கும் தெருவில் ஒரு கடைக்குள் ஒதுங்கியிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் தன் நண்பரிடம் அலுத்துக்கொண்டிருந்தார்.

"பேருக்குப் போட்ட சமையல்காரிப்பா. நிசமாவே கரண்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறா. நான் என்ன செய்ய?"

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி முழுக்க நான் இட்டுக்கட்டியது. சென்னைப் பத்திரிகைக்காரர் ஒருவர் 'ரங்கூன் மண்வாசனையோடு ஒரு விளையாட்டுக் கதை' கேட்டிருந்தார். இந்த ஊர்ச் சாக்கடை நிரம்பி வழியும்போது மண் என்ன வாசனை அடிக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கமாட்டார். ஆனாலும் ஆரம்பித்தேன்.

சுலே பகோடாவின் பொன்னொளியில் அந்தப் பந்து— (அடித்தாயிற்று. பொன்னொளியில் எவனும் பந்து ஆடுவதில்லை. அங்கே பஸ்தான் ஓடுகிறது.)

அய்யாசாமியின் முழங்கால் மடங்கிய அந்தக் கணத்தில்— (இது பின்னால் வரவேண்டியது. எனக்கு அவசரம்.)

சம்பள உச்சவரம்பு என்பது— (இதுதான் சரியான ஆரம்பம். கொட்டாவி வரும். வாயைப் பொத்திக்கொண்டு படியுங்கள்.)

2

சம்பள உச்சவரம்பு என்பது, ஒரு கால்பந்து அணி தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்கிற கட்டுப்பாடு. பணம் வைத்திருப்பவன் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாரிக்கொண்டு போகாமல் இருப்பதற்காக வைத்தது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். (நிஜ லீகில் இப்படி விதி உண்டா என்று தேடாதீர்கள். இது என் லீக். விதியும் என்னுடையது, அதை ஏய்க்கும் வழியும் என்னுடையது.)

என் அணியின் பெயர் தாகேதா டைகர்ஸ்; தாகேதா ரங்கூனின் ஒரு பேட்டை. முதலாளி மரம் வெட்டி விற்றுப் பெருத்தவர். அவருக்குப் பெயர் வைக்கும் மரியாதையை நான் செய்வதாக இல்லை. பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாரோ கொடுத்த சிடியைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்டிரைக்கரை இறக்கினார். வரம்பில் பாதி அவன் ஒருவனுக்கே போயிற்று. சிடியில் அவன் ஓடினான். தாகேதாவில் நடந்தான்.

மிச்சப் பாதியை மற்றவர்களுக்குப் பிய்த்துக் கொடுக்கும் வேலை சைமனுடையது. டீக்கடையில் அலுத்துக்கொண்டவர் அவர்தான். தாத்தா வெள்ளைக்காரன் ஆபீசில் கிளார்க், அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க், இவர் அணியின் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போவார். திங்கட்கிழமை முதலாளி சொல்வதைச் செய்வார்.

3

அய்யாசாமி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாக்காரன். அணியில் உருப்படியாக ஆடிய தடுப்பாட்டக்காரன் அவன் ஒருவன்தான். அவனை மண்டலே அணி ஒன்று கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. சைமனுக்குக் கிலி பிடித்தது. அவனைத் தனியாக அழைத்தார். (உட்காரச் சொன்னாரா என்று கேட்காதீர்கள். சொல்லியிருக்கமாட்டார்.)

"தம்பி, கேப்புல, அதான் சம்பள வரம்புல, இடமில்ல. ஆனா சமையக்கட்டு கேப்புல வராது."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே ஸயா." மேலே இருப்பவரை இங்கே எல்லோரும் ஸயா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒன்ன யாரு சமைக்கச் சொன்னா? சம்சாரம் பேரு என்ன?"

"சத்யபாமா."

"அவங்கள சமையல்காரின்னு போட்டுக்குவோம். பாதிச் சம்பளம் ஒம்பேர்ல, பாதி அவங்க பேர்ல. எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே போவுது."

இதில் புதுமை ஒன்றுமில்லை. என் லீகில் மாமியாரைத் தோட்டக்காரியாகவும் மச்சானைக் காவல்காரனாகவும் போடாத அணியே கிடையாது. ஆனால் எந்த மாமியாரும் மண்வெட்டியோடு வந்து நின்றதில்லை.

4

சத்யபாமாவை நான் நம்பவில்லை. முதல் வரைவில் அவள் குனிந்த தலை நிமிராதவள். புருஷன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்குத் துடைத்தாள் என்று எனக்கே தெரியவில்லை. இந்த மாதிரிப் பெண்களைத் தமிழில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் எழுதிக் குவித்தாயிற்று. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது வரைவில் அவள் டாலா படகுத்துறையில் ஆப்பம் சுட்டு விற்றாள். கையெழுத்துப் போட்ட மறுநாள் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் படகேறினாள், பஸ் மாறினாள், தாகேதாவில் அணி தங்கியிருந்த வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. நான் கொடுக்கவில்லை, அவளே கொண்டுவந்தாள்.

"மா சத்யா, நீங்க வரவே வேணாம். மாசம் பொறந்தா பணம் வீட்டுக்கு வந்துரும்" என்றார் சைமன், பர்மிய மரியாதையில் 'மா' சேர்த்து.

"எதுக்குப் பணம்?"

"அதான், சமையலுக்கு."

"அப்ப அடுப்பு எங்க?"

சைமன் விளக்கப் பார்த்தார். கேப் என்றார், கணக்கு என்றார். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"சமையல்காரின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் ஸயா. போட்டுட்டு வீட்ல குந்திக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு வேற. தள்ளுங்க, உள்ள போகணும்."

அவளைத் திருப்பி அனுப்பினால் சமையல்காரி எங்கே என்று லீக் அதிகாரி என்றைக்காவது கேட்பார். சைமன் தள்ளி நின்றார்.

5

அவள் சமைத்ததால் அணி ஜெயித்தது என்று எழுதினால் சென்னைப் பத்திரிகைக்காரர் கண்கலங்கி அட்டைப்படமே போடுவார். போடவேண்டாம். முன்பு தோற்ற மாதிரியே தோற்றார்கள். ஆனால் தெருக்கடைச் சோற்றைத் தின்றுவிட்டு ஆட்டத்துக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவது நின்றது. பருப்பு, புளிச்சக்கீரை, ஙாப்பி மீன்விழுது போட்ட கருவாட்டுப் பொடி. பையன்கள் அவளை 'அமா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டு ஸ்டிரைக்கர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வேகத்தை ஒரு நாளாவது கோல் பக்கம் காட்டியிருந்தால் நான் அவனைப் பற்றி இவ்வளவு கேவலமாக எழுதியிருக்கமாட்டேன்.

அய்யாசாமிக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு கூடத்தில் அவனை அமா புருஷன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிரிப்பு நின்றது.

"போதும் பாமா. யாரு கேட்டா ஒன்னைய?"

"யாரும் கேக்கல. வேலைன்னு இருக்குல்ல."

அவளுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். புகை குடித்துக்கொண்டு ஆப்பத்தைச் சில்லறைக்கு விற்றவளுக்கு, ஒரு கூட்டமே பசியோடு காத்திருக்கும் சமையலறை கிடைத்தது. அது அவளுடையதாக இருந்தது.

6

இப்போது முழங்கால்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில், நடந்துகொண்டிருந்த ஸ்டிரைக்கர் விட்டுவிட்ட பந்தைத் துரத்தி ஓடிய அய்யாசாமியின் முழங்கால் திருகிப்போயிற்று. ஆபரேஷன் செய்தால் நேராக நடக்கலாம், ஒருவேளை ஆடவும் ஆடலாம் என்றார் டாக்டர். செய்யாவிட்டால் கம்புதான்.

அடுத்த சீசனுக்கு ஸ்டிரைக்கர் கூடுதல் சம்பளம் கேட்டான். முதலாளி சரி என்றார். வரம்பில் இடம் வேண்டுமே. சைமன் அய்யாசாமியை அணியிலிருந்து எடுத்துவிட்டார். சத்யபாமாவை எடுக்கவில்லை. சமையக்கட்டுதான் கேப்பில் வராதே. நல்ல சமையல்காரி வேறு.

(இந்த இடத்தில் சைமனை ஒரு நொடியாவது தயங்கவைக்கலாமா என்று யோசித்தேன். பேனாதான் தயங்கியது. அவர் தயங்கவில்லை.)

அடிபட்ட ஆட்டக்காரனுக்கு அவன் சம்பளத்தை வைத்து நஷ்டஈடு தரவேண்டும் என்பது என் லீகின் விதி. பதிவில் இருந்ததோ பாதிச் சம்பளம். அதை வைத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டரின் வாசல்வரைகூடப் போகமுடியாது. முழுச் சம்பளம் என்றால் முடியும். அய்யாசாமி லீக் ஆபீசில் புகார் கொடுத்தான்: சமையல்காரி சம்பளம் என்று கொடுத்தது என் சம்பளம், அது பேருக்குப் போட்டது. கியாக்டடா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். சத்யபாமா வந்து, சமைத்தாளா இல்லையா என்று சொல்லவேண்டும். சமைக்கவில்லை என்றால் அந்தப் பாதியும் அவன் கணக்கில் சேரும்.

சைமன் அவளிடம் பேசியது இவ்வளவுதான். "நீங்க சமைச்சது நிசம். நிசத்தச் சொல்லுங்க, போதும்." வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஆள் ஓர் உண்மையைக் கையில் வைத்திருந்தார். அதை என்ன காரியத்துக்குப் பயன்படுத்தினார் பாருங்கள்.

விசாரணை அன்று காலையில் டாலாவிலிருந்து வரும் படகில் புருஷனும் பெண்சாதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் காலை நீட்டியிருந்தான்.

"ஒரு வார்த்தைதான் பாமா. சமைக்கல, பேருக்குப் போட்டாங்கன்னு."

"ஒரு வருசம் சமைச்சிருக்கேன்."

"யாரு இல்லேன்னா? அங்க மட்டும் அப்படிச் சொல்லு."

"நீங்க ஒரு வருசம் ஆடவே இல்லன்னு சொல்லுவீங்களா?"

"கால் ஒங்காலா இருந்தா சொல்லமாட்டியா?"

அவன் நீட்டியிருந்த காலை அவள் பார்த்தாள். படகு கரை சேர்ந்தது. அவன் எழுந்திருக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டான், அவள் கொடுத்தாள்.

7

முடிவுகள் கைவசம் நிறைய இருக்கின்றன.

அவள் 'சமைக்கவில்லை' என்கிறாள். கால் சரியாகிறது. தியாகம், கைதட்டல். அவள் ஒரு வருஷமாகச் செய்த வேலை, அவள் வாயாலேயே நடக்காததாக ஆகிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்கள்.

அவள் 'சமைத்தேன்' என்கிறாள். நிமிர்ந்த பெண் என்று இன்னொரு கூட்டம் கைதட்டும். அவன் கம்பை ஊன்றிக்கொண்டு டாலாவுக்குத் திரும்புவான். கைதட்டியவர்களில் ஒருவர்கூட அவனோடு படகுத்துறைவரை போகமாட்டீர்கள்.

சைமன் மனம் திருந்துவது— (போங்கள் ஐயா.)

முதலாளி தன் சொந்தப் பணத்தில்— (இதை எழுதுவதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

நடந்ததைச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த மட்டும். விசாரணை பர்மியில் நடந்தது; தமிழில் தருகிறேன். நீள மேசை. ஒரு பக்கம் சைமன், இஸ்திரி போட்ட சட்டையில். எதிரே அய்யாசாமி. அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

"அங்கே நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?"

சத்யபாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சீக்கிரம் கேட்டு முடிங்க ஸயா. பயிற்சி முடிஞ்சு பசங்க வந்துருவாங்க. இனிமே போயித்தான் அரிசி களையணும்."

சைமன் சிரித்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்த்தபோது என்னை ஏன் எழுத்தாளனாகப் பெற்றார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"இதைப் பதிலாக எழுதிக்கொள்ளலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேண்டுமென்றே சொன்னதல்ல, வேலை நேரம் ஆகிவிட்டதே என்கிற பதைப்பில் வந்துவிட்டது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். காலைத் தடவிக்கொண்டு, "அவ பொய் சொல்லலீங்க" என்றான், யாரையும் பார்க்காமல்.

அதிகாரி இன்னும் எழுதவில்லை. சொன்னதை மாற்றிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள்.

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அலுப்பு, உங்களுக்கு அவசரம் என்பதற்காக அவளை எந்தப் பக்கமும் தள்ளமுடியாது. இவ்வளவு நேரம் நோகாமல் படித்துக்கொண்டு வந்தீர்கள் அல்லவா, பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். சைமனைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வது யாருக்கும் சுலபம். அவள் அங்கே சமைத்தாளா இல்லையா என்று அய்யாசாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள்.